பெட்பேன் தூக்கிய கை... உலகுக்கு நாலு மருந்து தந்த கை! மெட்ராஸ் மறந்த சுப்பாராவ்

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு வரும் கர்ப்பிணிக்குத் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. மூட்டு வீங்கி விரலை மடக்க முடியாதவருக்கு டாக்டர் எழுதித் தரும், வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட். மழை வெள்ளத்தில் நாள் கணக்கில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வந்துவிடக் கூடாதென்று கொடுக்கும் டாக்ஸிசைக்ளின். யானைக்கால் நோய் வராமல் இருக்க, சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து கையில் வைத்து முழுங்கச் சொல்லும் டி.இ.சி.

நாலும் வேற வேற நோய்க்கு. நாலுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனா, இந்த நாலின் பூர்வீகத்தையும் தேடிப் போனா ஒரே ஆள்கிட்ட போய் நிற்போம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிச்ச, எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்காத ஒரு மாணவர். பெயர், எல்லாப்பிரகட சுப்பாராவ்.

நோபல் பரிசு வாங்கியவர்கள் பட்டியலில் இவரைத் தேடாதீங்க, இருக்க மாட்டார். பள்ளிப் பாடப்புத்தகத்திலும் அநேகமா பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா, உங்க வீட்டு மருந்து டப்பாவில் இவருடைய வேலை ஏதோ ஒரு ரூபத்தில் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

மூணாவது தடவையில் பாஸ்!

1895 ஜனவரி 12. அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில், இன்றைய ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். ஏழு பிள்ளைகளில் நாலாவது. அப்பா ஜெகந்நாதம் உடம்பு சரியில்லாமல் வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு பெற்றவர். வீட்டில் காசு எப்பவும் தட்டுப்பாடு. அம்மா வெங்கம்மாதான் குடும்பத்தின் தூண்.

பையனுக்குப் படிப்பில் மனசு ஒட்டலை. 13 வயசில் வீட்டைவிட்டே கிளம்பிட்டான். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். அம்மா விடலை. பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முதல் தடவை ஃபெயில். இரண்டாவது தடவையும் ஃபெயில். படிக்க வைக்க அம்மா தன் நகைகளை விற்றார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முயற்சியில்தான் கரையேறினார் சுப்பாராவ்.

அடுத்து பிரசிடென்ஸி கல்லூரி. அங்கே கணக்கு நன்றாக வந்தது. ஆனா, மனசு சாமியாராகப் போகத் துடித்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேரலாம் என்று போனார். அம்மா சம்மதிக்கலை. துறவிகளும், மருத்துவம் படித்தால் சேவை செய்யலாமே என்று வேறு வழி காட்டினார்கள். அப்படித்தான் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். ஃபீஸ் கட்ட நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் கை கொடுத்தார். 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியைத்தான் சுப்பாராவ் திருமணம் செய்துகொண்டார்.

பட்டத்தைப் பறித்த கதர்

அது காந்தி காலம். அந்நியத் துணியைத் தூக்கிப் போட்டுக் கதர் உடுத்தச் சொல்லி நாடு முழுக்க அலை அடித்தது. கல்லூரிப் பையன்கள் பலர் வெளியே கதர் போட்டுக்கொண்டு சுற்றினார்கள். சுப்பாராவ் ஒரு படி மேலே போய், ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே கதர் அங்கியோடு வந்து நின்றார்.

அறுவை சிகிச்சைத் துறையின் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கலை. விளைவு, பட்டத்தில் தெரிந்தது. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்திருந்தும் முழு எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கைக்கு வந்தது. பேப்பரில் எழுதிப் பார்த்தால் மூணு எழுத்து வித்தியாசம் மாதிரி இருக்கும். அன்றைக்கு அது ஒரு வாழ்க்கையையே திருப்பிப்போடும் வித்தியாசம். மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றார், நடக்கலை.

எட்டு நாளில் இரண்டு சாவு

இதுக்கு நடுவே வீட்டில் இடி விழுந்தது. ட்ராபிக்கல் ஸ்ப்ரூ என்று ஒரு நோய். குடல் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சாது. விடாத பேதி, நாக்குப் புண், ரத்தசோகை, கடைசியில் எலும்பும் தோலுமாக மனிதர் கரைந்துபோவார். அந்த நோயின் நிழலில், எட்டே நாள் இடைவெளியில் சுப்பாராவின் இரண்டு சகோதரர்கள் இறந்துபோனார்கள். அடுத்து அதே நோய் அவரையும் பிடித்தது.

அவரைக் காப்பாற்றியது அவர் படித்த ஆங்கில மருத்துவம் அல்ல. ஆசண்ட லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்து. இந்த லட்சுமிபதி ஆங்கில மருத்துவமும் முறையாகப் படித்துவிட்டு ஆயுர்வேதத்துக்கு வந்தவர். எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை வழியாகப் போயிருப்பீங்க. அந்த ருக்மணி, சுதந்திரப் போராட்டத் தியாகி, இவருடைய மனைவி.

பிழைத்து எழுந்த சுப்பாராவ், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தார். அன்றைய மெட்ராஸில் டாக்டர்கள் மத்தியில் பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டு மருந்துகளில் சரக்கு இருக்கா, இல்லையா? ஒரு தரப்பு, எல்லாம் மூடநம்பிக்கை என்றது. இன்னொரு தரப்பு, எல்லாம் ரிஷிகள் சொன்னது, கேள்வியே கேட்கக் கூடாது என்றது. சுப்பாராவ் இரண்டிலும் சேரவில்லை. மருந்து வேலை செய்யுதுன்னா, அதுக்குள்ள எந்தப் பொருள் வேலை செய்யுது? எவ்வளவு கொடுத்தா போதும்? அதைப் பிரித்து எடுத்துக் காட்ட முடியுமா? இதுதான் அவருடைய கேள்வி. சாகும்வரை அவர் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட மெட்ராஸில் ஆய்வகமும் இல்லை, காசும் இல்லை. அமெரிக்கா போவது என்று முடிவெடுத்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பணம் கொடுத்தார்கள். 1920-களின் முற்பகுதியில் கப்பலேறினார். சீக்கிரம் திரும்பி வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வரவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. மனைவியையும் மறுபடி பார்க்கவில்லை. இந்தக் கதையின் கணக்கில் யாருமே எழுதாத செலவு ஒன்று உண்டென்றால், அது சேஷகிரி காத்திருந்த காலம்தான்.

பகலில் ஹார்வர்டு, ராத்திரியில் பெட்பேன்

பாஸ்டனில் ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். நம்ம ஊர் எல்.எம்.எஸ் சான்றிதழை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி? பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர உதவியாளர் வேலை. நோயாளிகளின் பெட்பேனையும் மூத்திரக் குடுவையையும் கழுவி வைக்க வேண்டும். ராத்திரி அந்த வேலை, பகலில் படிப்பு.

டிப்ளமோ முடிந்ததும் உயிர்வேதியியல் துறைக்குள் நுழைந்தார். சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கு என்று அளக்க ஒரு முறையை 1925-ல் வெளியிட்டார். மருத்துவக் கல்லூரி லேபில் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பாடமாகச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அந்த முறையை வைத்துத் தசைக்குள்ளே தேடினார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. 1929-ல் ஏ.டி.பி கிடைத்தது. ஆமா, ப்ளஸ் டூ பயாலஜியில் செல்லின் எனர்ஜி கரன்சி என்று மனப்பாடம் பண்ணினீங்களே, அதே ஏ.டி.பி-தான்! ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே காலத்தில் தனியாக இதைக் கண்டுபிடித்தார். ஜிம்மில் கிரியேட்டின் டப்பா வாங்கும் தம்பிகள் இந்த இடத்தில் ஒரு சல்யூட் வைக்கலாம். தசையில் கிரியேட்டின் என்ன வேலை பார்க்குதுன்னு புரிய ஆரம்பித்தது இந்த ஆய்விலிருந்துதான்.

தசை எப்படி இயங்குது என்று அதுவரை சொல்லப்பட்ட விளக்கத்துக்கு 1922-ல் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அந்த விளக்கத்தையே மாற்றி எழுத வைத்த ஆராய்ச்சி இது. இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்து கம்பெனிக்கு முழுநேர வேலைக்குப் போனார். அங்கே ஆராய்ச்சித் துறையின் தலைமை அவரிடம் வந்தது. அடுத்த எட்டு வருஷத்தில் நடந்ததைப் படித்தால், ஒரே மனிதர் மேற்பார்வையில் இத்தனையுமா என்று தோணும்.

முதல் மருந்து: ரத்தசோகைக்கு

இந்த மருந்துக்கும் நம்ம ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1928 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி மில்லில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்தால் உடம்பு தேறுவதைக் கவனித்தார். அந்த ஆராய்ச்சிக்காக அவர் வேலை பார்த்த இடங்களில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியும் ஒன்று. சுப்பாராவ் மெட்ரிக் படித்த அதே திருவல்லிக்கேணி!

ஈஸ்ட்டில் ஏதோ இருக்கு என்று டாக்டர்களுக்குத் தெரிந்தது. அது என்ன என்பதுதான் தெரியலை. அதுதான் ஃபோலிக் ஆசிட். 1945-ல் சுப்பாராவின் குழு அதை ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. கிலோ கணக்கில் ஈரலையும் கீரையையும் அரைத்துத் துளித் துளியாக எடுத்தது போய், மாத்திரையாகவே செய்ய முடிந்தது.

அந்த மாத்திரை வேறு எந்த நோய்க்கும் கேட்டது தெரியுமா? ஸ்ப்ரூ. சகோதரனைக் கொன்று, அவரையும் கொல்லப் பார்த்த அதே நோய். கியூபா, போர்ட்டோ ரிக்கோ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் பசிக்குது என்று சாப்பாடு கேட்டார்கள்.

இன்றைக்கு டாக்டர்கள் கருத்து என்ன? இதில் கருத்து வேறுபாடே இல்லை. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், கர்ப்பம் உறுதியாகும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுக்கச் சொல்கிறார்கள். கருவின் முதுகுத்தண்டு முதல் நாலு வாரத்துக்குள்ளேயே மூடிக்கொள்ளும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போது தெரிந்திருக்காது. ஸ்கூலில் வாரம் ஒருநாள் நீல மாத்திரை கொடுத்தது ஞாபகம் இருக்கா? அதில் இரும்புச் சத்தோடு இருந்தது இதே ஃபோலிக் ஆசிட்தான்.

இரண்டாவது மருந்து: கேன்சருக்கு

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு குழந்தைகள் நோய்க்கூறு நிபுணர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில் இறப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர். ரத்தசோகைக்கு ஃபோலிக் ஆசிட் கேட்குதே, இதுக்கும் கேட்குமா என்று, சுப்பாராவின் லேபிலிருந்து வந்த ஃபோலிக் ஆசிட் வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். விபரீதமாகிவிட்டது. புற்றுநோய் இன்னும் வேகமாக வளர்வதுபோல் தெரிந்தது.

வேறொருவர் என்றால் கோப்பை மூடி வைத்திருப்பார். ஃபார்பர் தலைகீழாக யோசித்தார். தீனி போட்டால் வளருதுன்னா, தீனியைத் தடுத்தால்? பார்க்க ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருந்து, செல்லை ஏமாற்றிப் பட்டினி போடும் ஒரு பொருள் வேண்டும். அந்த மாதிரிப் போலிகளை சுப்பாராவின் குழு ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. அதில் ஒன்றுதான் அமினோப்டெரின்.

1947 கடைசியில் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார் ஃபார்பர். அதே ஆஸ்பத்திரியில் பல டாக்டர்களுக்கு இது பிடிக்கலை. சாகப்போகும் பிள்ளையை நிம்மதியாகப் போக விடாமல், விஷத்தைக் கொடுத்து வேதனையை ஏன் நீட்டிக்கணும் என்பது அவர்கள் வாதம். அதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. அதுவரை எந்த மருந்தும் கேட்டதில்லை என்ற அனுபவம் அப்படிப் பேச வைத்தது.

1948 ஜூனில் முடிவு வெளியானது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. தற்காலிகம்தான். நோய் திரும்பி வந்தது. ஆனா, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய குழந்தைகள் கீமோதெரபியின் தொடக்கப் புள்ளி அது.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். 1956-ல் நஞ்சுக்கொடித் திசுவில் வரும் ஒருவகைக் கேன்சரை இந்த ஒரு மருந்தே முழுதாகக் குணப்படுத்தியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றைக்கும் இது உண்டு. வளர்ந்த நாடுகளில் அந்த நோய் வந்த குழந்தைகளில் 80 சதவிகிதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். நோயாளியின் சொந்த ரத்தச் செல்லையே மாற்றியமைத்துக் கேன்சரோடு மோத விடும் கார்-டி சிகிச்சை இந்தியாவிலேயே உருவாகி, 2023-ல் அனுமதியும் பெற்றுவிட்டது. அதையெல்லாம் தாண்டியும் இந்தப் பழைய மருந்தை டாக்டர்கள் கைவிடவில்லை.

முடக்குவாதத்துக்கும் அப்படித்தான். பயாலஜிக் ஊசிகள் வந்துவிட்டன, புதுப்புது மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் பெரும்பாலான மூட்டு நோய் நிபுணர்கள் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்ஸேட்தான். விலை குறைவு, அனுபவம் அதிகம். கூடவே ஃபோலிக் ஆசிட்டும் எழுதுவார்கள், பக்க விளைவு குறைய. யோசிச்சுப் பாருங்க, ஒரே சீட்டில் சுப்பாராவ் லேபின் இரண்டு மருந்து!

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை போடும் மாத்திரை. தெரியாமல் தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரிழந்தவர்கள் உண்டு. உங்க வீட்டில் பாட்டியோ அத்தையோ இதை எடுத்தால், கிழமையைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி வைங்க. கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது.

மூன்றாவது மருந்து: மண்ணிலிருந்து தங்கம்

பென்சிலின் வந்துவிட்ட காலம். ஆனா, எல்லாக் கிருமிக்கும் அது கேட்கலை. சுப்பாராவின் லெடர்லேவில், ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டகர் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். வயது 70-ஐத் தாண்டியவர். 1945-ல் மிசௌரி மாநிலத்து மண்ணில் தங்க நிறத்தில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆரியோமைசின். 1948-ல் உலகத்துக்கு அறிமுகமான இதுதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

அந்தக் குடும்பத்தில் பிற்பாடு வந்த கடைக்குட்டிகளில் ஒன்று டாக்ஸிசைக்ளின். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸுக்கு இன்றும் டாக்டர்களின் முதல் தேர்வு. வெள்ளம் வடியாத தெருவில், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாகவும் கொடுக்கிறார்கள். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மழைக்காலம் என்றால் என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இதன் அருமை புரியும். ஆனா, சளிக்கும் ஜுரத்துக்கும் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கி முழுங்கினால், கிருமி பழகிவிடும். இந்த விஷயத்தில் டாக்டர்கள் எல்லாரும் ஒரே குரல்தான்.

நான்காவது மருந்து: நம்ம தெருவுக்கு

வடசென்னைக்காரர்களுக்கு யானைக்கால் நோயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தேங்கிய சாக்கடை, பக்கிங்ஹாம் கால்வாய், மூடாத வடிகால். இதில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் இந்தப் புழுவைச் சுமக்குது. கொசு கடிக்கும்போது உடம்புக்குள் போகும் புழு, நிணநீர்க் குழாயில் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தும். அதன் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்காரர்கள் ராத்திரி நேரத்தில் கதவைத் தட்டி விரலைக் குத்துவார்கள். பகலில் குத்தினால் ஒண்ணும் சிக்காது!

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இந்த நோயோடு திரும்பினார்கள். அப்போதுதான் அமெரிக்கா முழித்துக்கொண்டது. அதுவரை ஆன்டிமனி, ஆர்சனிக் கலந்த மருந்துகளைத்தான் டாக்டர்கள் முயன்று பார்த்தார்கள். புழுவோடு சேர்த்து நோயாளியையும் வாட்டும் மருந்துகள் அவை.

சுப்பாராவின் குழு, இதேபோன்ற புழு இருக்கும் ஒருவகை எலியை வைத்து ஏகப்பட்ட ரசாயனங்களைச் சோதித்தது. 1947-ல் சிக்கியது டைஎத்தில்கார்பமசின். சுருக்கமாக டி.இ.சி, கம்பெனி வைத்த பெயர் ஹெட்ரசான். வாயால் சாப்பிடலாம், விலை குறைவு, ரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளைத் துடைத்து எடுத்துவிடும். 1955-ல் இந்திய அரசு தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, கையில் இருந்த ஆயுதம் இதுதான். 2004-லிருந்து நோய் பரவும் மாவட்டங்களில் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் முறை நாடு முழுக்க விரிந்தது.

ஆனா, பல வீடுகளில் என்ன நடந்தது? மாத்திரையை வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிடுவது. எனக்குத்தான் நோயே இல்லையே, நான் ஏன் போடணும் என்ற கேள்வி ஒரு பக்கம். போட்ட சிலருக்குக் காய்ச்சல், தலைவலி வந்ததால் பயம் இன்னொரு பக்கம். டாக்டர்கள் சொல்லும் விளக்கம் இது: அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் உள்ளே புழு சாவதால் வருவது. அதாவது, நோய் இல்லை என்று நினைத்தவர் உடம்பில் புழு இருந்திருக்கு! கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்கள் மட்டும் இந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

இப்போ என்ன புதுசு?

- மூன்று மருந்துக் கூட்டணி: டி.இ.சி, அல்பெண்டசோல் இரண்டோடு ஐவர்மெக்டினையும் சேர்ப்பது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பரிந்துரைத்தது, இந்தியாவில் 2018-ல் பீகாரில் தொடங்கியது. புழுக்குஞ்சுகளை நீண்ட காலம் ஒழித்துவைப்பதால், குறைந்த சுற்றுகளிலேயே பரவலை நிறுத்தலாம் என்பது எதிர்பார்ப்பு. அல்பெண்டசோல் வேறெதுவும் இல்லை, ஸ்கூலில் சப்பிச் சாப்பிடச் சொன்ன குடற்புழு மாத்திரைதான்.

- டாக்ஸிசைக்ளின்: யானைக்கால் புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழுது. அது இல்லாமல் புழுவால் இனப்பெருக்கம் செய்ய முடியாது. நாலிலிருந்து ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பாக்டீரியா சாகும், புழு மலடாகும், பிறகு மெல்லச் சாகும். டி.இ.சி-யால் முழுசாக முடியாத வேலை இது. சிக்கல், அத்தனை வாரம் தவறாமல் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் தர முடியாது. அதனால் ஊருக்கே கொடுக்கும் மருந்தாக இது ஆகாது. டாக்டர் ஒரு நோயாளியை உட்கார வைத்து முடிவு செய்யும் மருந்து.

- வீங்கிய காலுக்கு: இதில் டாக்டர்கள் மழுப்பாமல் சொல்லிவிடுகிறார்கள். முற்றிய வீக்கத்தை எந்த மாத்திரையும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, காலை உயர்த்தி வைத்து, சின்னப் புண் வந்தாலும் உடனே காட்டினால் ஜுரமும் வீக்கமும் அடிக்கடி வராமல் தடுக்கலாம்.

2016-ல் இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கு. இலக்கை அடைய மாத்திரை மட்டும் போதாது, சாக்கடையும் ஓடணும். இது மருந்து கம்பெனியால் செய்ய முடியாத வேலை.

53 வயசில் முடிந்த கதை

1948 ஆகஸ்ட். ஃபார்பரின் முடிவு வெளியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆரியோமைசின் அப்போதுதான் வெளியுலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒருநாள் இரவு தூங்கப் போன சுப்பாராவ் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயசு 53.

கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கூடும்போது முன்னால் வந்து நிற்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. காப்புரிமையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள அலையவும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை, கடைசிவரை இந்தியராகவே இருந்தார். சுதந்திர இந்தியாவுக்கு ஒரு வயசு முடிய சில நாள் இருக்கும்போது, அந்த மண்ணை மிதிக்காமலே போய்ச் சேர்ந்தார். 1995-ல், நூற்றாண்டு நினைவாக இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

மெட்ராஸ் அவருக்கு முழுப் பட்டம் தரவில்லை. ஹார்வர்டு நிரந்தர நாற்காலி தரவில்லை. நோபல் கமிட்டி கூப்பிடவில்லை. ஆனா, அவருடைய லேபிலிருந்து கிளம்பிய ஃபோலிக் ஆசிட், மெத்தோட்ரெக்ஸேட், டி.இ.சி மூன்றும், ஆரியோமைசினின் வாரிசான டாக்ஸிசைக்ளினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இன்றைக்கும் இருக்கு. நாலுமே ஏழைகள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிற மருந்துகள்.

அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் வந்து கதவைத் தட்டி மாத்திரையை நீட்டினால், வாங்கி ஜன்னல் மேல் வைக்காதீங்க. அவர் கண் முன்னாலேயே, சாப்பிட்ட வயிற்றோடு, போட்டுவிடுங்க.